கைவிட்ட கலமும் பொதுநீர் வழியும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் என் அறையின் மூலையில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. பள்ளியில் எவரேனும் விட்டுச் சென்ற பொருள்களை அதில் வைப்பது வழக்கம். புதிய பேனா ஒன்று அத்தட்டிற்கு வந்து சேர்ந்தால், அன்று மாலைக்குள் இருவரோ மூவரோ அதற்கு உரிமை கொண்டாடி வந்து நிற்பர். கம்பி ஒடிந்த குடை வந்து சேர்ந்தாலோ, ஆண்டு இறுதிவரை அது அங்கேயே கிடக்கும். வகுப்பு வகுப்பாகக் கேட்டு அனுப்பினும் விடை வாராது. கடைசியில் அதனை எடுத்து எறியும் வேலை, அக்குடையின் நிழலில் ஒரு நாளும் நின்றறியாத பள்ளிக் காவலருக்கு வந்து சேரும்.

பயன் உள்ளவரையில் 'என்னுடையது' என்போம். பயன் போனபின் 'யாருடையதோ' என்போம். இது மனித இயல்பு. குடையளவில் இது நின்றுவிட்டால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. ஆனால், அப்பொருள் ஒரு படகாகவோ கப்பலாகவோ இருந்து, அது கிடக்கும் இடம் ஓர் ஆறாகவோ துறைமுக வாயிலாகவோ இருந்தால் யாது செய்வது? நீர் வற்றும்போது அதன் முதுகெலும்பு வெளியே தெரியும். நீர் ஏறும்போது மறைந்துவிடும். இருட்டில் அவ்வழியே தொழிலுக்குச் செல்லும் மீனவனுக்கு அது மறைந்திருக்கும் பாறையை ஒக்கும். அதன் தொட்டியில் எஞ்சியிருக்கும் எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து மீனையும் சிப்பியையும் கெடுக்கும். ஆகவே, அதை அகற்றித்தான் ஆகவேண்டும். அகற்றுபவர் யார்? அதற்கு உரிமை தருவது எது? செலவு யாரைச் சாரும்? இந்த மூன்று வினாக்களுக்கும் சட்டம் எவ்வாறு விடை கண்டது என்பதே இன்று நாம் காணப்போகும் பொருள்.

முதலில், 'கைவிடுதல்' என்னும் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். இழத்தல் வேறு, கைவிடுதல் வேறு. பொருள் கையைவிட்டுப் போனாலும், 'அது என்னுடையது' என்னும் எண்ணம் போகாதிருந்தால் அஃது இழப்பு. அந்த எண்ணத்தையே விட்டொழித்தால்தான் கைவிடுதல். பழைய உரோமானியச் சட்ட அறிஞர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். புயலில் சிக்கிய கப்பலின் பாரத்தைக் குறைப்பதற்காக வணிகன் ஒருவன் தன் மூட்டைகளைத் தானே கடலில் எறிகிறான். அம்மூட்டைகள் பின்னர்க் கரையில் ஒதுங்கினால் கண்டவன் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றனர் அவர்கள். தன் கையாலேயே எறிந்தானாயினும், அவன் எறிந்தது பொருளை வேண்டாமல் அன்று, உயிரை வேண்டி. ஆதலின் அப்பொருள் இன்னும் அவனுடையதே.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் என்று கருத வேண்டா. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நாகப்பட்டினத்தில் பெரிய விசைப்படகுகளெல்லாம் நீரிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கரையிலும் சாலையோரத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை கேட்பாரற்ற கலங்களாகவே தோன்றியிருக்கும். ஆயின், அவற்றின் உரிமையாளர் அவற்றைக் கைவிட்டவர் அல்லர். அவருள் சிலர் முகாமில் இருந்தனர். சிலர் உறவினரைத் தேடிக்கொண்டிருந்தனர். சிலர் உயிருடனேயே இல்லை. கேட்பார் இல்லாமையும் கைவிடுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பண்டைய நாளில் உடைந்த கலம் ஒரு சுமையாகக் கருதப்படவில்லை, புதையலாகவே கருதப்பட்டது. அதில் பட்டும் பொன்னும் நறுமணப் பொருள்களும் இருந்தன. ஆதலின் அக்காலத்துச் சட்டம், 'உடைகலத்தை யார் அகற்றுவது?' என்று கேட்கவில்லை. 'அதனை யார் எடுத்துக்கொள்வது?' என்றே கேட்டது. பல நாடுகளில் மன்னர்களே அதனை எடுத்துக்கொண்டனர். புயலில் தப்பிக் கரையேறிய வணிகன், கடல் விட்டுவைத்ததை அரசனிடம் இழந்து வெறுங்கையுடன் நின்றான்.

இக்கொடுமையை ஒழித்த அரசர்களுள் ஒருவர் நம் நாட்டவர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. காகதீய மன்னர் கணபதிதேவர் ஆந்திரக் கடற்கரையில் உள்ள மோட்டுப்பள்ளி என்னும் துறையில் 1244ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கல்வெட்டைப் பொறிக்கச் செய்தார். முன்னைய மன்னர்கள் புயலால் கரை ஒதுங்கிய கலங்களின் பொருளைக் கவர்ந்துவந்தனர் என்றும், இனி உரிய சுங்கத்தைத் தவிர வேறெதனையும் கொள்வதில்லை என்றும் அதில் அவர் உறுதி கூறினார். கடல் வணிகர்க்கு அவர் அளித்த அபயம் அது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1275ஆம் ஆண்டில், இங்கிலாந்திலும் ஒரு சட்டம் பிறந்தது. உடைந்த கலத்திலிருந்து ஒரு மனிதனோ ஒரு நாயோ ஒரு பூனையோ உயிருடன் தப்பினால், அக்கலத்தை மன்னருக்குரிய உடைகலம் என்று கருதலாகாது. அதன் பொருள்களைக் காவலில் வைக்க வேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் கழிவதற்குள் உரியவர் வந்து மெய்ப்பித்தால் அவரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. பூனைக்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நகைக்கலாம். 1771ஆம் ஆண்டில் ஒரு வழக்கை விசாரித்த மான்ஸ்பீல்டு பிரபு என்னும் நீதிபதி அதனை விளக்கினார். உயிர் பிழைத்த விலங்கு உரிமையாளரைக் கண்டறிவதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே. வேறு வகையில் உரிமையாளரை அறிய முடிந்தால் நாயும் வேண்டா, பூனையும் வேண்டா என்பது அவர் முடிவு. உரியவரைத் தேடு, அவருக்குக் காலம் கொடு, இவையே அப்பழைய சட்டத்தின் உயிர்க்கருத்துகள்.

அந்தக் கருத்து நம் காலம்வரை தொடர்ந்து வந்திருக்கிறது. இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம், உடைகலங்களைக் கண்காணிக்கப் பொறுப்பதிகாரிகளை நியமிக்க வழிசெய்தது. உடைகலத்தையோ அதன் பகுதியையோ கண்டெடுத்தவர் அதனைத் தமதாக்கிக் கொள்ளாமல் அவ்வதிகாரியிடம் சேர்ப்பிக்க வேண்டும். உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து தம் உரிமையை மெய்ப்பித்து, மீட்புச் செலவைச் செலுத்தினால் பெற்றுக்கொள்ளலாம். 1275ஆம் ஆண்டின் 'ஓராண்டு' ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்தும் மறையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. நீராவிக் கப்பல்கள் பெருகின. ஆற்று முகத்துறைகளில் கப்பல்கள் நெருங்கி ஓடின. குறுகிய வாயிலில் ஓர் இரும்புக் கப்பல் மூழ்கினால், அதனுள் இருக்கும் பொருளின் மதிப்பைவிட அது வழியை அடைப்பதால் விளையும் இழப்பே பன்மடங்கு பெரிதாயிற்று. புதையலாக இருந்த உடைகலம் சுமையாக மாறிவிட்டது. 'எனக்கு, எனக்கு' என்று ஓடிவந்தவர்கள், 'எனக்கு வேண்டா' என்று விலகத் தொடங்கினர்.

இம்மாற்றத்தை உணர்ந்து துறைமுகங்களுக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இங்கிலாந்தில் 1847ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், துறைமுகத்தில் வழிமறித்துக் கிடக்கும் உடைகலத்தைத் துறைமுக அதிகாரி அகற்றலாம் என்றும், அச்செலவை உரிமையாளர் ஈடுசெய்ய வேண்டும் என்றும் விதித்தது. இந்தியாவில் 1908ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டமும் அதன் 14ஆம் பிரிவில் இத்தகைய அதிகாரத்தைத் துறைமுகக் காப்பாளருக்கு வழங்கிற்று. கப்பல் மூழ்கியோ தரைதட்டியோ போக்குவரவுக்கு இடையூறானால் அவர் அதனைத் தூக்கலாம், அகற்றலாம், அழிக்கவும் செய்யலாம். உரிமையாளர் மீட்ட பொருளைப் பெற விரும்பினால் செலவுத்தொகையையும் அதன்மேல் நூற்றுக்கு இருபது வீதம் கூடுதலாகவும் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறினால் பொருள் ஏலத்தில் விற்கப்படும்.

ஏலத்தில் செலவுக்கு மேல் மிஞ்சிய தொகை அரசுக்குச் சொந்தமாகிவிடுமோ? ஆகாது. மிச்சம் உரிமையாளருக்கே உரியது. அவர் உடனே வரவில்லையாயின் அது வைப்பாக இருக்கும். விற்ற நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் உரிமையை நிலைநாட்டினால் பெற்றுக்கொள்ளலாம். வழியைத் துப்புரவாக்குவதே சட்டத்தின் நோக்கம்; உடைமையைப் பறிப்பது அன்று. இந்த 1908ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், முன்னர்க் கூறிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பதிலாக நம் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டில் புதிய சட்டங்களை நிறைவேற்றியது. எனினும், பழைய விதிகளை ஆய்ந்தாலன்றிப் புதியனவற்றின் காரணம் விளங்காது.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. செலவை உரிமையாளர் தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அவரோ, 'நான் அக்கலத்தைக் கைவிட்டுவிட்டேன். இனி நான் உரிமையாளன் அல்லேன்' என்று கூறிவிட்டால்? இங்கிலாந்தின் வட பகுதியில் ஓடும் டைன் ஆற்றின் முகத்தருகே 'கிரிஸ்டல்' என்னும் நீராவிக் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியபோது இதுவே நிகழ்ந்தது. உரிமையாளர் கப்பலைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டனர். ஆற்றுத்துறை ஆணையத்தார் வெடிமருந்து கொண்டு கப்பலைத் தகர்த்து வழியைத் திறந்துவிட்டுச் செலவைக் கேட்டனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாக அன்று விளங்கிய பிரபுக்கள் சபைவரை சென்றது.

அங்கே வாதம் முழுவதும் ஒரே சொல்லைச் சுற்றி நடந்தது. 'உரிமையாளர்' என்றால் எந்த நேரத்து உரிமையாளர்? கப்பல் மூழ்கிய நேரத்திலா, செலவு நேர்ந்த நேரத்திலா? செலவு நேர்ந்த நேரத்து உரிமையாளரே என்று 1894ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அந்நேரத்தில் அவர்கள் கைவிட்டுவிட்டனராதலால் பொறுப்பும் இல்லையாயிற்று. சட்டத்தின் எழுத்துக்கு இது பொருந்தலாம். ஆயினும் கம்பி ஒடிந்த குடையின் கதையன்றோ இது! 'என்னுடையதன்று' என்று சொல்லிவிட்டாலே சுமை பொதுமக்கள் தலைக்கு மாறிவிடுகிறது. ஒரு சொல்லுக்குக் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டத்தில் எவ்வளவு பெரிய வாயில் திறந்துவிடும் என்பதையும் இதனால் உணரலாம்.

இவ்வாயிலைச் சிறிது சிறிதாக அடைத்தவை பிற்கால நீதிமன்றங்கள். இங்கிலாந்திலேயே 1928ஆம் ஆண்டில் டீ ஆற்றைப் பற்றிய வழக்கொன்றில், கவனக்குறைவால் கலத்தைப் பொதுவழியில் கிடத்தியவர், 'கைவிட்டேன்' என்று கூறித் தப்ப இயலாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. இதனினும் பெரிய நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது.

அந்நாட்டில் 1899ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று உண்டு. கப்பல் வழியில் கலம் மூழ்கினால் உரிமையாளர் உடனே அவ்விடத்தில் பகலில் மிதவையும் இரவில் விளக்கும் வைத்துப் பிறரை எச்சரிக்க வேண்டும். அகற்றும் வேலையையும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். தவறினால் கலம் கைவிடப்பட்டதாகக் கொண்டு அரசு அகற்றலாம் என்பது அதன் விதி. 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மிசிசிப்பி ஆற்றில், லூசியானா மாநிலத்தின் விடாலியா நகரருகே, சரக்குப் படகொன்று மூழ்கியது. அதனுள் ஏறத்தாழ ஆயிரம் டன் திரவக் குளோரின் இருந்தது. குளோரின் எத்தகைய நச்சுவளி என்பதை வேதியியல் பயிலும் மாணவர் அறிவர். முதல் உலகப் போரில் போர்முனையில் ஏவப்பட்ட நச்சு அது. படகின் தொட்டி உடைந்தால் ஆற்றோர மக்கள் பெருந்தொகையாக மடிய நேரும்.

உரிமையாளரான நிறுவனம் படகைத் தூக்க முயன்று, இயலாமற்போகவே, 'கைவிட்டோம்' என்று அரசுக்கு அறிவித்தது. அரசு முப்பது இலட்சம் டாலருக்கு மேல் செலவழித்துப் படகை வெளியே எடுத்தது. பின்னர், அச்செலவைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தது. படகை அரசே எடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் எதுவும் கேட்க இயலாது என்பது நிறுவனத்தின் வாதம். 1967ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. கவனக்குறைவால் கலத்தை மூழ்கடித்தவர் அதனைக் கைவிடுவதன் மூலம் பொறுப்பினின்று நீங்க முடியாது. அகற்றும் செலவை அவரிடம் கேட்க அரசுக்கு உரிமை உண்டு என்று கூறியது.

இத்தீர்ப்பின் நியாயத்தை எண்ணிப் பாருங்கள். கைவிட்டாலே பொறுப்பு நீங்கும் என்றால், எவனுடைய சரக்கு மிகக் கொடியதோ அவனே முதலில் கைவிடுவான்! பஞ்சு மூட்டை ஏற்றியவன் மீட்க முயல்வான். நஞ்சு ஏற்றியவன் நழுவிவிடுவான். அத்தகைய விதி தீங்குக்குப் பரிசளிப்பதை ஒக்கும்.

சட்டம் பொறுப்பை நிலைநாட்டினால் மட்டும் போதுமா? உரிமையாளரிடம் பணம் இல்லாவிட்டாலோ, உரிமையே வழக்கில் இருந்தாலோ கலம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நம் நாட்டில் இதற்குக் கண்கண்ட சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம், பருவமழைக் காலத்தில், 'ரிவர் பிரின்சஸ்' என்னும் பெரிய கனிமக் கப்பல் கோவாவின் கண்டோலிம் கடற்கரையை அடுத்துத் தரைதட்டியது. அதனை அகற்ற ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. வழக்குகள் நடந்தன, மாநிலச் சட்டத்தின் துணை நாடப்பட்டது, ஒப்பந்தங்கள் கைமாறின, அதற்குள் கப்பல் மணலில் மேலும் மேலும் புதைந்தது. முதல் ஆண்டில் மிதக்கவைத்து இழுத்துச் சென்றிருக்கக்கூடிய கப்பலைப் பின்னர்த் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அது தரைதட்டியபோது பிறந்த குழந்தை, அது முற்றும் அகன்றபோது உயர்நிலைப் பள்ளியில் பயின்றிருக்கும்.

இத்தகைய இடர்களுக்குத் தீர்வாக உலக நாடுகள் 2007ஆம் ஆண்டில் கென்யாவின் தலைநகரான நைரோபியில் கூடி, உடைகலங்களை அகற்றுவது பற்றிய உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. இந்தியா 2011ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. ஆபத்து விளைக்கக்கூடிய உடைகலத்தைப் பற்றி உடனே அறிவித்தல், அதனை அகற்றுதல் ஆகிய கடமைகளை அவ்வுடன்படிக்கை கப்பல் தரப்பினர்மேல் சுமத்துகிறது. அதனினும் முக்கியமான விதி ஒன்று உண்டு. 300 டன் மொத்தக் கொள்ளளவும் அதற்கு மேலும் உடைய கப்பல்கள், அகற்றும் செலவுக்கென முன்னதாகவே காப்பீடு செய்திருக்க வேண்டும். உரிமையாளர் மறைந்துவிட்டாலும், செலவைக் காப்பீட்டாளரிடமே நேரே கேட்கலாம். குடை வாங்கும்போதே, அது ஒடிந்தால் எறியும் கூலியையும் கட்டிவிடச் செய்வது போன்ற ஏற்பாடு இது.

பெருங்கப்பல்களுக்கு இவ்வழி உண்டாயிற்று. சிறு படகுகளின் நிலை என்ன? உலகின் நீர்வழிகளில் கேட்பாரற்றுக் கிடப்பவற்றுள் மிகப் பல சிறு கலங்களே. முன்னாளில் மரப்படகு கிடந்தால் நாளடைவில் மக்கி மண்ணோடு கலந்துவிடும். இரும்புக் கலத்தைப் பழைய இரும்புக்காக எவரேனும் வாங்குவர். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கிப் பெருகிய கண்ணாடியிழைப் படகு, அதாவது நம் மீனவர் 'பைபர் படகு' என்று வழங்குவது, மக்குவதும் இல்லை; உடைத்து விற்றால் விலை போவதும் இல்லை. மிதக்கும்வரை சிறந்த கலம். ஓய்ந்தபின் வாங்குவாரில்லாத குப்பை. நம் கடற்கரைகளிலும் கட்டுமரம் இருந்த இடத்தைப் பைபர் படகு பெரிதும் பிடித்துக்கொண்டுவிட்டமையால், இச்சிக்கல் நமக்கும் அயலானதன்று.

இத்துறையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2002ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஆராயத்தக்கது. ஒரு கலம் உரிய அனுமதியின்றி ஒரே பகுதியில் தொடர்ந்து 30 நாளுக்கு மேலோ, ஓராண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேலோ நின்று, அதன் உரிமையாளரைக் காண இயலாவிட்டாலும், கண்டும் அவர் பொறுப்பேற்க மறுத்தாலும், அது கைவிடப்பட்ட கலம் எனப்படும். 'கைவிடுதல்' என்பது மனத்துள் நிகழும் செயல். மனத்தைச் சட்டம் காண இயலாது. ஆகவே, மனத்துக்குப் பதிலாக நாள்காட்டியைச் சான்றாகக் கொண்டார்கள்.

கலத்தைக் கைப்பற்றுமுன் அதிகாரிகள் உரிமையாளருக்கு அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கலத்தின் மேலேயே அறிவிப்பை ஒட்ட வேண்டும். செய்தித்தாளிலும் வெளியிட வேண்டும். கைப்பற்றியது தவறு என்று கருதும் உரிமையாளர் முறையிடவும் இடம் உண்டு. கலம் மூழ்கும் தறுவாயில் இருந்தால் மட்டும் காத்திராமல் உடனே நடவடிக்கை எடுக்கலாம். செலவுக்குரிய நிதியோ படகு வைத்திருப்போரிடமிருந்தே ஆண்டுப் பதிவுக் கட்டணத்துடன் சிறு தொகையாகத் திரட்டப்படுகிறது. பின்னாளில், பழுதான படகைக் கைவிடுமுன் தாமே கொண்டுவந்து ஒப்படைக்கும் வழியும் ஏற்படுத்தப்பட்டது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஓர் இடைவெளி இருந்தது. 2012ஆம் ஆண்டு மே மாதம், அம்மாநிலத்தின் பென் கோவ் என்னும் விரிகுடாவில் அனுமதியின்றி நின்றிருந்த 'டீப் சீ' என்னும் பழைய மீன்பிடி கலம் தீப்பற்றி மூழ்கியது. 128 அடி நீளமுள்ள அக்கலத்திலிருந்து எண்ணெய் கசிந்தது. அவ்விரிகுடாவில் சிப்பி வளர்ப்போர் தம் அறுவடையைச் சிலகாலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. துப்புரவுச் செலவோ பல இலட்சம் டாலர். ஓய்ந்துபோன பெருங்கலங்கள் பெரும்பாலும் இறுதியில் அவற்றைப் பேணும் வசதியற்ற ஒருவர் கையில் மிகக் குறைந்த விலைக்கு வந்து சேர்கின்றன என்பதை இந்நிகழ்ச்சி அனைவர்க்கும் உணர்த்தியது. அதன்பின், 65 அடிக்கு மேல் நீளமும் 40 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கலத்தை விற்பவர் முதலில் அதனைச் சோதிக்கச் செய்ய வேண்டும் என்று விதித்தனர். அவ்விதிகளை மீறி விற்றவர், பின்னர் நேரும் செலவுக்குத் தாமும் பொறுப்பாவார். 1894ஆம் ஆண்டுத் தீர்ப்பு திறந்துவைத்த வாயிலின் எஞ்சிய இடுக்கையும் அடைக்கும் முயற்சி இது. கைவிட்டுத் தப்புவதைத் தடுத்தது போலவே, கைமாற்றித் தப்புவதையும் தடுத்தனர்.

அன்பர்களே! இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தால் சட்டம் இரண்டு அச்சங்களுக்கு நடுவே நடந்து வந்திருப்பது புலனாகும். விரைந்து அகற்றினால், நோயுற்றோ வெளியூர் சென்றோ இருக்கும் ஏழையொருவனின் ஒரே பிழைப்புக் கருவியைப் பறித்தவர்களாவோம். சில நாடுகளில் வாடகை கொடுக்க இயலாதார் பழைய படகிலேயே குடியிருக்கின்றனர். அவர்கள் படகை அகற்றுவது வீட்டை இடிப்பதை ஒக்கும். மிகத் தாமதித்தாலோ, இருட்டில் வரும் மற்றோர் ஏழையின் படகு அதில் மோதி உடையும். முன்னவனுக்காக அறிவிப்பும் தவணையும் முறையீடும் அமைந்தன. பின்னவனுக்காக மிதவையும் விளக்கும், உடனே அகற்றும் அதிகாரமும் அமைந்தன. இரண்டில் எதனை விட்டாலும் அச்சட்டம் நல்ல சட்டம் ஆகாது.

இன்னொன்றும் இதனால் விளங்கும். உடைமை என்பது உரிமை மட்டும் அன்று. அதற்கு ஒரு கடமையும் உடன்பிறந்தது. ஆற்றில் படகோட்டி நன்மை துய்த்தவன், அது ஓய்ந்தபின் அதனை ஆற்றிலிருந்து எடுத்துச் செல்லும் கடமையையும் ஏற்கத்தான் வேண்டும். ஆறு அவனுக்கு முன்னும் இருந்தது; அவனுக்குப் பின்னும் பிறருக்காக ஓடவேண்டியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில், எங்கள் பள்ளி மாணவர் மன்றத்தார் தாமாகவே ஒரு விதி செய்துகொண்டனர். குடையின் கைப்பிடியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஒடிந்த குடையையும் உரியவரே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அவ்விதி. விதி செய்த மூன்றாம் மாதத்தில் என் அறைத் தட்டில் நல்ல பேனாக்கள் மட்டுமே இருந்தன. அவற்றுக்கு எப்பொழுதும் போல் மூவர் வந்து நின்றனர். அந்த வழக்கைத் தீர்ப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை.